அபிக்குக் காட்டாத அறை

1

"கதைச்சுக் கதைச்சு ஒரு வருத்தம் மாறுமோ?"

கேட்டவர் என் மச்சாள் தவமணி, அக்காவின் கணவருடைய தமக்கை. அச்சுவேலியில் அக்கா வீட்டுக்கு அடுத்த வளவில் இருப்பவர். வருத்தம் என்றால் அவருக்கு மருந்து வேண்டும், ஊசி வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு மல்லிக் குடிநீராவது வேண்டும். "அந்த மிஸ்ஸும் இவளுமாய் இருந்து படம் கீறுகினம், களிமண்ணிலை பொம்மை செய்யினம். இதுக்கு ஏன் உவன் தம்பி தோட்டத்தை விட்டுட்டுப் பிள்ளையைச் சைக்கிளிலை வைச்சு மிதிக்கவேணும்?" என்று தொலைபேசியில் என்னிடம் சண்டைக்கு வந்தார். படம் கீறச் சொன்னது நான்தான் என்பதுபோல.

போன வருடம் அக்கா தன் மகள் அபியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அரியாலையில் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய்த் திரும்பும்போது டிப்பர் லொறி மோதியது. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டார். அபிக்கு ஏழு வயது. கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, கன நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கேயிருந்துதான் அவளைக் கவுன்சிலிங்குக்கு அந்த மிஸ்ஸிடம் அனுப்பினார்கள்.

என்னால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. புதுப்பிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு வந்து சேரவில்லை. நோர்வேயில், சமையலறையில், அரிசி வாளியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு நேரலையில் பார்த்தேன். இப்போது எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் ஐயருக்கு முன்னமே வீடியோக்காரர் வந்துவிடுகிறார். பிள்ளைகளும் சகோதரங்களும் கனடாவில், லண்டனில் இருந்தால் வேறு என்ன செய்வது? அக்காவுக்குக் கூறைச்சீலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். நான் கத்தி அழுதேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. என் பக்க ஒலியை அணைத்து வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அபி மருந்துக்கு நித்திரையில் கிடந்த நேரம் அது. உலகத்தில் எங்கெங்கோ இருந்த சொந்தமெல்லாம் பார்த்த அந்தச் செத்தவீட்டை அவள் பார்க்கவில்லை.

2

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர். வேலை பாலர் பள்ளியில். காலையில் பிள்ளைகளுக்குக் கம்பளிக் கால்சட்டை ஏற்றுவது, மத்தியானம் அதைக் கழற்றுவது, பின்னேரம் திரும்ப ஏற்றுவது. இடையில் பாணும் சீஸும்.

சில வருடங்களுக்கு முன் எங்களோடு வேலை செய்த ஒரு பெண் திடீரென்று இறந்துபோனாள். தலைமை ஆசிரியை பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, "அவள் செத்துவிட்டாள், இனி வரமாட்டாள்" என்று அதே சொல்லில் சொன்னாள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு! என்ன கல்நெஞ்சுச் சனம் இது என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்டார்கள், ஒன்று அழுதது. பிறகு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். நான்தான் இரவு முழுக்கப் புரண்டுகொண்டு கிடந்தேன்.

அபியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பேன். கதைப்பது என்ன, அவள் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டாள். வாகனச் சத்தம் கேட்டால் கிணற்றடிக்கு ஓடுகிறாள், படுக்கையில் சிறுநீர் போகிறது, பெருந்தெருவைக் கடக்க வேண்டும் என்பதால் பள்ளிக்கூடம் போகிறாளில்லை என்று மச்சாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். அபி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"சித்தி, வீட்டைக் காட்டுங்கோ."

முதல் தரம் எனக்கு நல்ல பெருமை. வெளிநாட்டு வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறது பிள்ளை என்று சமையலறை, வரவேற்பறை, குளியலறை எல்லாம் காட்டினேன். அடுத்த கிழமையும் கேட்டாள். அதற்கு அடுத்த கிழமையும். "அலுமாரியைத் திறவுங்கோ." திறந்தேன். "கட்டிலுக்குக் கீழை?" குனிந்து காட்டினேன். "கஸ்டம்ஸ்காரர் தோத்தினம்" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு அறை மட்டும் காட்ட முடியவில்லை. அது என் மகள் மாயாவின் அறை. பதினைந்து வயது வந்த நாளில் இருந்து அது பூட்டித்தான் கிடக்கும். கதவில் நொர்ஸ்க் மொழியில் "தட்டு, பதில் வராவிட்டால் போய்விடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டில் நான் ஒருநாள் அறைக்கதவைச் சாத்தியிருந்தால் "உள்ளை என்ன புதையலோ" என்று அம்மா கேட்டிருப்பார். இங்கே அது பிள்ளையின் உரிமையாம். தமிழில் கேட்டால் நொர்ஸ்க்கில் பதில், நொர்ஸ்க்கில் கேட்டால் "அம்மா, உன் உச்சரிப்பு" என்று ஒரு முகச்சுழிப்பு. எனக்கும் இவளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கதவை நினைத்தால் சில நாள் ஆத்திரம் வரும், சில நாள் அழுகை வரும்.

"அது மாயா அக்கான்ரை அறை. உள்ளை விடமாட்டா, செல்லம்" என்பேன். அபி அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு போனை மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

3

அக்காவின் முதலாண்டு ஆட்டைத்திவசத்துக்குப் போவதென்று முடிவெடுத்தேன். விடுமுறை கேட்கப் போனபோது, அபியை என் மகள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வழக்கில் அக்காவின் மகள் பெறாமகள்தானே, பெறாததால் மகள் இல்லை என்று ஆகுமா? மேலதிகாரி பதறி எழும்பி, "மாயாவுக்கு என்ன நடந்தது?" என்றாள். விளக்கப்படுத்தி முடிய, அன்பாகத் தோளைத் தொட்டு, அக்காவின் பிள்ளைக்காகச் சம்பளத்தோடு லீவு தர விதியில் இடமில்லை என்றாள். சம்பளமில்லாமல் போனேன். மாயா வரவில்லை. அவளுக்குப் பரீட்சையாம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் பிடித்து அச்சுவேலிக்கு வந்து சேரும்போது காலை வெயில் ஏறியிருந்தது. வான் சத்தத்துக்கு அபி பின்பக்கம் ஓடிவிடுவாள், பிறகு மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அவள் முன்பக்கத்தால் ஓடிவந்தாள். கால் கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் ஓட்டம். நான் கையை விரித்தேன். என்னைக் கடந்து போய் வானின் படியில் ஏறினாள். பின் இருக்கையைப் பார்த்தாள். குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தாள். என் சூட்கேசுகளுக்குப் பின்னால் பார்த்தாள். "என்ன பிள்ளை தேடுறாய்?" என்று சாரதி கேட்டார். இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"எங்கை?"

"என்ன செல்லம்?"

"அம்மா எங்கை? நீங்கள் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

நான் அத்தானைப் பார்த்தேன். அக்காவின் கணவர், நாள் முழுக்க வெங்காயத் தோட்டத்தில் நின்று கறுத்துப்போன மனிதர். அவர் என் சூட்கேசைத் தூக்குகிற சாட்டில் குனிந்துகொண்டார். மச்சாள் ஓடிவந்து, "சித்தி களைச்சுப்போய் வந்திருக்கிறா, பிறகு கேளுங்கோ ராசாத்தி" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அபி அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். "அம்மாவுக்குக் கடும் காயம், பெரிய வைத்தியத்துக்கு நோர்வேக்குச் சித்தியிட்டை அனுப்பியிருக்கு" என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். காயம் ஆறும்வரை அம்மாவைப் பற்றிச் சித்தியிடம் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இதைவிட நம்பக்கூடிய பொய் கிடையாது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். போனவர்கள் வருடக்கணக்காக வருவதில்லை, அதை யாரும் அதிசயமாக நினைப்பதுமில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவள் ஆஸ்பத்திரியில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று பக்கத்து வீட்டில். சுவரில் மாலை போட்ட படம் வைக்கவில்லை. திவசத்தன்றும் அவளை எங்கேயாவது அனுப்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

வருடம் முழுக்க அந்தப் பிள்ளை என் வீட்டுக்குள் தன் தாயைத் தேடியிருக்கிறது. நான் பெருமையாகச் சலவை இயந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

4

அன்றைக்கே மச்சாளோடு சண்டை பிடித்தேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை புதைக்கிற வேலையெல்லோ பாத்திருக்கிறியள், மச்சாள்!"

"ஓமடி, நீ அங்கை இருந்தனி. பிள்ளை கம்பியோடை கிடந்து 'மாமி, அம்மா எங்கை' எண்டு கேக்கேக்கை நீ என்ன சொல்லியிருப்பாய்? சொல்லு பாப்பம்!"

அந்தக் கட்டிலடியில் நின்றிருந்தால் நானும் இதைவிடச் சிறந்த பொய் ஒன்றைத் தேடியிருப்பேன்.

"நாங்கள் ஷெல்லடிக்கை வளந்த ஆக்கள். ஆரடி எங்களுக்குக் கவுன்சிலிங் தந்தது? நல்லாத்தானே இருக்கிறம்."

"நான் நல்லா இல்லை, மச்சாள். அங்கை வருசப் பிறப்புக்கு வெடி கொளுத்தினால் நான் குளியலறைக்கை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு இருக்கிறனான். என்ரை பிள்ளை வெளியிலை நிண்டு சிரிக்கும்."

மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எனக்கும் அந்தச் சத்தம் ஒத்துவராதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அத்தான் வேறு முடிவோடு இருந்தார். "இந்தக் கவுன்சிலிங்காலை ஒரு முன்னேற்றமும் இல்லை, தங்கச்சி. திவசம் முடிய நிப்பாட்டப்போறன். நீர் இவளைக் கொண்டு போம். அங்கை நல்ல டொக்டர்மார் இருக்கினம்." தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளையை அங்கே கூப்பிட வழியில்லை என்று வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்லியிருந்தேன். அவர் அதை விளங்கிக்கொள்ள விரும்பவில்லை. நிப்பாட்டினால் அபி கிணற்றடியிலேயே வளர்ந்துவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவரைச் சம்மதிக்க வைத்து, மறுநாள் இருவருமாகக் கவுன்சிலிங் செய்யும் வதனா மிஸ்ஸிடம் போனோம்.

நான் ஒரு பெரிய ஆளை எதிர்பார்த்துப் போனேன். இளம் பிள்ளை, சிரித்த முகம், மேசையில் களிமண். அபி கீறிய படங்களை எடுத்து விரித்தாள். எல்லாம் விமானம். சின்ன விமானம், பெரிய விமானம், சன்னலில் ஒரு பெண் முகம் வைத்த விமானம்.

"மற்றப் பிள்ளையள் அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாக் கீறத் தொடங்குவினம், ரோட்டு, ஆக்கள் எண்டு. அபி நெடுகப் பிளேன்தான். ஏனெண்டு எனக்குப் பிடிபடேல்லை" என்றாள்.

நோர்வேப் பொய்யை நான் சொன்னேன். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

"அபியின்ரை அப்பா, இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே. தாய் செத்தது பிள்ளைக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சிருந்தனான். நானும் தெளிவாக் கேட்டிருக்கவேணும்."

"அப்ப இந்த முறை வேலை செய்யுமோ, மிஸ்?" என்று கேட்டேன். மச்சாளின் கேள்விதான், வேறு வாயால்.

"நடந்ததைத் தானே சொல்லப் பழக்கிறது கனக்கப் பிள்ளையளுக்கு உதவுது. பயந்த சாமானுக்குக் கிட்டக் கிட்டப் போகப் பழக்கிறதும் உதவுது. சிலதுக்கு விளையாட்டு, சிலதுக்குக் கன நாள் எடுக்கும். சில பிள்ளையள் வீட்டாக்களின்ரை அணைப்பிலை தானாத் தேறிவிடும். எல்லாருக்கும் சரிவரும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா அம்மா வருவா எண்டு பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த நாள் இன்னும் முடியேல்லை. முடியாத நாளை எப்பிடிச் சொல்லப் பழக்கிறது?"

பிறகு அத்தானிடம் திரும்பினாள். "நீங்கள்தான் சொல்லவேணும். சித்தி பக்கத்திலை இருக்கட்டும். தவறிட்டா, சாமியிட்டைப் போட்டா எண்டெல்லாம் சொல்லாதையுங்கோ. போன ஆள் திரும்பி வரலாம் எண்டு நினைச்சிடுவா. செத்துப்போனா எண்ட சொல்லையே சொல்லுங்கோ."

எனக்கு மெழுகுதிரியும் மூன்று வயதுப் பிள்ளைகளின் வட்டமும் ஞாபகம் வந்தன.

5

அத்தானால் சும்மா இருந்து கதைக்க முடியாது. கைக்கு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெங்காயத்தைக் குவித்து வைத்துப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். அபி வெங்காயத்தாளைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தேன். மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டு.

"அபி, அண்டைக்கு டிப்பர் இடிச்சதெல்லே."

அபியின் கை நின்றது.

"அண்டைக்கே அம்மா செத்துப்போனா, பிள்ளை. நோர்வேக்குப் போகேல்லை. நாங்கள் உனக்குப் பொய் சொன்னது. இனி அம்மா வரமாட்டா."

சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த பிடியைக் கட்டினார். கட்டு அவிழ்ந்தது. திரும்பக் கட்டினார். கண்ணீர் வெங்காயத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அபி அழவில்லை. என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபம்தான் இருந்தது.

"அப்ப அந்தப் பூட்டின அறைக்குள்ளை ஆர்?"

"மாயா அக்கா, செல்லம். மாயா அக்கா மட்டுந்தான்."

"பொய்."

அவளுக்கு இனி நாங்கள் எதைச் சொன்னாலும் பொய்தான். அது நியாயமும்கூட. நான் மாயாவுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே மத்தியானம். கலைந்த தலையோடு முகம் தெரிந்தது. நொர்ஸ்க்கில், ஒரே மூச்சில், நடந்ததைச் சொன்னேன். என் உச்சரிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டு முடித்துக் கட்டிலை விட்டு எழும்பினாள்.

பிறகு, "அபி, வா, பார்" என்றாள், தமிழில்.

கதவைத் திறந்து வெளியில் போய், திரும்ப உள்ளே வந்து காட்டினாள், அபியையே கூட்டிக்கொண்டு வருவதுபோல. குலைந்த கட்டில், தரை முழுக்க உடுப்பு, கிற்றார் ஒன்று, பாதி கடித்த அப்பிள். நானே கன காலமாகப் பார்க்காத அறை. அலுமாரியைத் திறந்து உடுப்புகளை ஒதுக்கிப் பின்பலகையைத் தட்டிக் காட்டினாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். திரைச்சீலையை விலக்கினாள். அவசரப்படவில்லை. கடைசியில் நிலத்தில் இருந்து தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஒருத்தரும் இல்லை அபி. நான் மட்டும். பெரியம்மா இங்கை வரவே இல்லை."

அபி திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாய் கோணியது. காலில் கம்பி வைத்தபோதுகூட அந்தப் பிள்ளை இப்படி அழவில்லை என்று அத்தான் பிறகு சொன்னார். தாள் கிள்ளிய கையோடு தகப்பனின் மடியில் விழுந்து கத்தினாள். அத்தான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளின் குரலும் கேட்டது. மாயா தொடர்பைத் துண்டிக்காமல் அங்கே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

6

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அடுத்த கிழமை முழுக்கப் படுக்கை நனைந்தது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். மாமியைக் கடித்தாள். "இதுதானோ உங்கடை வைத்தியம்?" என்று மச்சாள் என்னைப் பார்த்துக் கேட்டார். இப்படி வரும் என்று மிஸ் முன்னமே சொல்லியிருந்தபடியால் அத்தான் பதறவில்லை. நிப்பாட்டுகிற கதையை அவர் அதற்குப் பிறகு எடுக்கவுமில்லை.

செத்தவீட்டைப் பார்க்க வேண்டும் என்று அபிதான் கேட்டாள். வீடியோ என் தொலைபேசியில் இருந்தது. மிஸ்ஸிடம் கேட்டோம். அவள் முதலில் தனியே பார்த்தாள். பிறகு தன் அறையில், சத்தத்தைக் குறைத்து, "உமக்குக் காணும் எண்டால் சொல்லும், நிப்பாட்டுவம்" என்று சொல்லிவிட்டுக் காட்டினாள். மச்சாளும் பிடிவாதமாக வந்திருந்தார். அபி தன் வகுப்பு ரீச்சரைக் கண்டாள், பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டாள். "அம்மாக்கு ஆர் கூறைச்சீலை உடுத்தினது?" என்று கேட்டாள். நான்தான் என்றார் மச்சாள்.

"எல்லாரும் நிக்கினம். எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

"நீ தாங்கமாட்டாய் எண்டு நினைச்சம், ராசாத்தி."

"நீங்கள் தாங்கினியளோ?"

மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். அபி எழும்பிப் போய் அவர் மடியில் இருந்தாள். காணும் என்றாள். மிஸ் நிறுத்தினாள்.

திவசத்தன்று அவளை எங்கும் அனுப்பவில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து பூ எடுத்துக் கொடுத்தாள். படையலில் பிட்டு, வடை, மரக்கறி எல்லாம் வைத்த பிறகு, "அம்மாக்கு மிக்சர் வைக்கேல்லை" என்றாள். அக்கா தேத்தண்ணியோடு ஒளித்துவைத்து மிக்சர் சாப்பிடுவது அவளுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். ஐயர் வைக்கலாம் என்றார். சந்திக் கடைக்கு ஆள் ஓடியது. மாலை போட்ட படம் சுவரில் ஏறியது.

அடுத்த முறை மிஸ்ஸிடம் அபி கீறிய படத்தில் விமானம் இல்லை. ரோட்டு இருந்தது, கறுப்பாக ஒரு டிப்பர் இருந்தது. ஸ்கூட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒருநாள் ஹோர்ன் சத்தம் வரை. இன்னொரு நாள் அம்மாவின் செருப்பு வரை. வாசல் படலையடியில் நின்று மோட்டார் சைக்கிளைப் பார்ப்பது, பிறகு தொடுவது, பிறகு நிற்கிற மோட்டார் சைக்கிளில் ஏறி இருப்பது. மச்சாள் தன் பங்குக்குப் பார்வை பார்த்து நூலும் கட்டிவிட்டார். மிஸ் அதைத் தடுக்கவில்லை. கட்டின கை அன்பான கைதானே என்றாள்.

7

நான் வெளிக்கிடும் நாள் வான் வந்தது. மச்சாள் மிளகாய்த்தூள் பொதியை என் பைக்குள் திணித்துக்கொண்டே, "கதைச்சு மாறுதோ தெரியாது. கதைக்காமல் மாறாது போலத்தான் கிடக்கு" என்றார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்ததே பெரிய காரியம்.

அபி இன்னும் வாகனத்தில் ஏறுகிறாளில்லை. பள்ளிக்கூடத்துக்கு அத்தான் கையைப் பிடித்து நடந்துதான் போகிறாள். அதுவும் எல்லா நாளும் இல்லை. சில நாட்கள் படுக்கை நனைகிறது. ஆனால் அன்றைக்கு என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போதே படலையைத் தாண்டி வந்து, வான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"போட்டு வாறன், செல்லம். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன். மாயா அக்காவும் கதைப்பா."

"ஓம்" என்றாள். வான் கதவில் இருந்து கையை எடுத்தாள்.

"சித்தி, இனி வீட்டைச் சுத்திக் காட்ட வேண்டாம். நீங்கள் முன்னாலை இருங்கோ, காணும்."